லாயாங் லாயாங்கில் மூன்று வகைப் பாத்திரங்கள்

இங்கே ரயில் நிலையத்துச் சீனர் கோப்பிக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. குடித்து முடித்த கோப்பை யாருடையதானாலும் கொதிநீர் நிறைந்த ஒரே தகரப் பாத்திரத்துக்குள் போகும். அதை இடுக்கியால் எடுத்து, நீர் சொட்டச் சொட்டக் கோப்பியை ஊற்றி, அடுத்து வந்து உட்காருகிறவர் முன்னால் வைத்துவிடுவார்கள். இன்று காலை எனக்கு வந்த கோப்பையில் சற்று முன் ஒரு பன்றி வியாபாரி குடித்தார். அவருக்கு முன் தண்டவாளம் செப்பனிடும் நம்மவர் ஒருவர். அதற்கு முன் யாரென்று நான் கவனிக்கவில்லை. தடித்த பீங்கான், பச்சைப் பூ, விளிம்பில் ஒரு சில்லு உடைந்திருந்தது. நான் குடித்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். எனக்கே இன்னும் முதல் மிடறு தொண்டையில் சற்று நின்றுதான் இறங்குகிறது. காரணம் பன்றி வியாபாரி அல்ல. இந்தக் கடை இருக்கும் இதே அறையில், இதே சுவர்களுக்குள், யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பிரித்துக் கொடுப்பதையே என் உத்தியோகமாக வைத்து நான் பல ஆண்டுகள் மேனேஜராக இருந்தவன்.

நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் இலத்தீன் கொஞ்சமும் ஆங்கில இலக்கணம் நிறையவும் கற்பித்தார்கள். மலாயாவில் இறங்கினால் துறைமுகத்திலேயே கிளார்க்கு வேலையோடு ஒருவர் நிற்பார் என்று ஊரில் சொல்லி அனுப்பினார்கள். நான் வந்து சேர்ந்தபோது எனக்கு முன் வந்த நம் ஊரவர்கள் எல்லா நாற்காலிகளிலும் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். மிஞ்சியது ஜொகூரில், லாயாங் லாயாங் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலை. அதைக் குத்தகைக்கு எடுத்திருந்த முதலாளி சிங்கப்பூரில் இருந்தார். ஆங்கிலம் எழுதத் தெரிந்த, பாலில் தண்ணீர் கலக்காத ஓர் ஆள் அவருக்குத் தேவைப்பட்டது. வேலை கிடைத்ததும், ரயிலோடு சம்பந்தப்பட்ட இடத்தில் மேனேஜர் என்று வீட்டுக்கு எழுதினேன். பொய்யில்லை. ரயில் வந்தது, நான் மேனேஜராக நின்றேன்.

அக்காலத்தில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க அங்கே சற்று நேரம் நிற்கும். அந்த நேரத்துக்குள் மூன்று உலகங்களுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும். முன் வாசல் துரைமாருக்கு. அவர்களுக்குப் பீங்கான், கோப்பையின் காது அவர்கள் வலக்கைப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், சோடாப் போத்தலை அவர்கள் கண்முன்தான் உடைக்க வேண்டும். பக்க வாசல் கிளார்க்குகளுக்கும் கடைக்காரர்களுக்கும், பெயருக்குப் பின்னால் பிள்ளை என்றோ முதலி என்றோ ஏதேனும் ஒட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும். அவர்களுக்குக் கண்ணாடித் தம்ளர். பின்பக்கம் வாசல் கிடையாது. ஒரு ஜன்னல் மட்டும். அதற்கு வெளியே சுவரில் வரிசையாக ஆணிகள், ஆணிகளில் கம்பி கட்டிய பால் டின்கள். துரைமார் கோப்பியில் விட்ட கட்டிப்பாலின் காலி டின்கள்தாம் அவை. விளிம்பைச் சுத்தியலால் மழுங்கத் தட்டி, கம்பியில் காது வைத்து நாங்களே செய்வோம். ரப்பர் தோட்டத்து ஆட்கள் தாங்களே டின்னை எடுத்து நீட்டிப் பிடிக்க வேண்டும். ஜன்னலிலிருந்து, கெண்டி டின்னில் முட்டாத உயரத்தில், தேநீர் விழும். குடித்தவர் கழுவி மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் டின்தானா என்றால், இல்லை. ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்து மேய்க்கும் கங்காணி, சாதி சொல்லத் தெரிந்தவரென்றால், பக்க வாசலுக்கு வருவார். அதற்கும் ஒரு முறை இருந்தது.

இந்த ஆணிகளை அடிக்கச் சொன்னது யார் என்று ஒருமுறை தேடிப் பார்த்தேன். பீங்கான் எவ்வளவு உடைந்தால் கழிக்க வேண்டும், மேசைத் துணியில் எத்தனை கறை வரை பொறுக்கலாம் என்பதற்கெல்லாம் வெள்ளைக்காரன் விதி வைத்திருந்தான். ஆணிகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவை நம்முடைய மூட்டையில், நம்மோடு கப்பலில் வந்தவை.

நிலையத்தில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை பார்த்த மலாய்க்காரர் ஒருவர் இருந்தார். பாக் மாட் என்று கூப்பிடுவோம். நல்ல மனிதர், எதையும் நேராகக் கேட்பார். ஒரு நாள் ஜன்னலடியில் நின்று, அந்த ஆட்களுக்கு மட்டும் ஏன் டின் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாய் கோப்பிக்கும் சீனிக்கும் மேலே போகாது. மற்றவர்கள் அவர்கள் பாத்திரத்தைத் தொடக்கூடாது, தொட்டால் நல்லதல்ல என்று கையைக் காட்டி, தலையை ஆட்டி விளக்கினேன். பாக் மாட் முகம் வாடியது. "ஓ, சாக்கிட்டா?" என்றார். நோயா என்று அர்த்தம். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நோயில்லை என்றால் வேறென்ன என்று அடுத்துக் கேட்பார். அதற்கு என்னிடம் எந்த மொழியிலும் விடை இல்லாததால் ஆமென்று தலையை ஆட்டிவைத்தேன். அன்றிலிருந்து பாக் மாட் தோட்டத்து ஆட்கள் வந்தால் தள்ளி நின்று, மிகுந்த இரக்கத்தோடு பார்ப்பார். அவருடைய தாயார் வேப்பிலை மாதிரி ஏதோ ஓர் இலையை அவித்துக் குடித்தால் சுகமாகும் என்று சொன்னதாகவும் ஒருமுறை வந்து சொன்னார்.

என் சமையற்காரர் சுந்தரம் பிள்ளை. இந்த நாட்டில் சமையலறைத் தலைமையாளைப் பண்டாரி என்பார்கள். நெற்றியில் திருநீறு, குளிக்காமல் அடுப்பு மூட்டாத ஒழுக்கம், மீன் வாடை பட்டால் முகம் திருப்பும் சைவம். பக்க வாசலின் மானம் முழுவதும் அவர் கையில் இருந்தது. "சைவப் பிள்ளை சமையல்" என்று முதலாளி பலகையே எழுதி வைத்திருந்தார். மேலே குளுவாங்கிலிருந்தும் கீழே கூலாயிலிருந்தும் கிளார்க்குமார் அவருடைய சாம்பாருக்காக இறங்கி அடுத்த வண்டி வரை காத்திருப்பதுண்டு. அவர்களில் முதல்வர் எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் அம்பலவாணர். என் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவருடைய குடும்பத்துக்கும் என் குடும்பத்துக்கும் கோயில் திருவிழாவில் யார் முன்னே நிற்பது என்பதில் பழைய போட்டி உண்டு. மத்தியானம் தவறாமல் வந்து உட்காருவார்.

ஒரு நாள் விரலை நக்கிக்கொண்டே சொன்னார்: "சுந்தரம், உம்மடை சாம்பாரிலை வெங்காயமும் இருக்கு, சாதியும் இருக்கு. வெளியிலை கடையளிலை வெங்காயம் மட்டும்தான்."

"சாதி கொஞ்சம் தூக்கலா போச்சுங்களா மாஸ்டர்? நாளைக்குக் கொறச்சிடறேன்" என்றார் சுந்தரம். ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நானும் சிரித்தேன். சுந்தரம் மட்டும் சிரிக்காமல் அடுத்த கரண்டியை ஊற்றினார். நல்ல நகைச்சுவைக்காரர்கள் தங்கள் பகிடிக்குத் தாங்கள் சிரிப்பதில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. விழுந்தது என்று நாங்கள் எளிதாகச் சொல்கிறோம், விழுந்தவர்கள் மனிதர்கள். தோட்டங்களில் பாதி மரங்களைச் சீவாமல் விட்டார்கள். ஜன்னலடியில் டின்கள் பல நாள் ஆணியிலேயே கிடந்து துருப்பிடித்தன. வேலையில்லாதவர்களை அரசாங்கச் செலவில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப ஏற்பாடாயிற்று. தெற்கேயிருந்து வரும் ரயில் கூலாயிலும் செடெனாக்கிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு எங்கள் நிலையத்தில் நிற்கும். அவர்களுக்கு இலைப் பொட்டலத்தில் சோறும் குடிக்கத் தண்ணீரும் கொடுக்கும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. சோறு எவ்வளவு, புளி எவ்வளவு, பொட்டலத்தை எப்படிக் கட்டுவது, எல்லாவற்றுக்கும் முறை வந்தது. சோறு வாங்கிக்கொண்டு எங்கே போகப் போகிறோம் என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்பதற்கு மட்டும் வரவில்லை.

ஒரு மத்தியானம், வண்டி போய், பாத்திரங்கள் கழுவி ஓய்ந்த நேரத்தில் சுந்தரம் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார்.

"ஐயா, ஒரு விசயம் கேக்கணும். ஊருக்கு அனுப்பறதுக்குப் பேரு போட்டவங்கள நடுவுல எறக்க முடியுங்களா?"

எனக்குப் பிடித்த வகைக் கேள்வி. "ஏன் ஏலாது? அதுக்கு ஒரு முறை இருக்கு. வேலையிலை இருக்கிற சொந்தக்காரர் ஒருத்தர், கூட வாற தொழிலாளர் கந்தோர் அதிகாரிக்கு முன்னாலை வந்து, இன்ன முறையிலை எனக்கு உறவு, நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு வாயாலை சொல்ல வேணும். அவர் பேரை வெட்டிவிடுவார்."

"ஒறவ சொல்லியே ஆவணுமா?"

"சொல்லத்தான் வேணும். ஆருக்குக் கேக்கிறீர்?"

"எங்க அக்காங்க ஐயா. அஞ்சலை. செடெனாக் தோட்டத்துல பால்மரம் சீவுது. அடுத்த வண்டியில பேரு வந்திருக்கு."

ஒரு சைவப் பிள்ளையின் அக்காள் கூலி லயத்து வரிசை அறையில் இருந்து மரம் சீவுவது எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்காததே கேள்வியாக இருந்தது. அவரே சொன்னார்.

"நான் பிள்ளை இல்லீங்க ஐயா. அந்த டின்னு இருக்குதே, அதுதான் எங்களுக்கு. அப்பா அம்மா ரெண்டு பேரும் காய்ச்சல்ல போனப்புறம் அக்காதான் வளத்துச்சு. தோட்டத்த விட்டு ஓடி, ஜொகூர் பாருல ஒரு சைவ மெஸ்ஸுல தண்ணி எடுக்கப் போனேன். எந்த சாதின்னு கேட்டாங்க. பக்கத்துல நின்னவரு என்ன சொன்னாரோ அதையே நானும் சொன்னேன். அம்புட்டுதான். வேலை கத்துக்கிட்டேன்."

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"எல்லாம் தெரியும். ஒரு ஸ்டேசன் தூரந்தான் ஐயா. வான்னு எத்தன தடவ சொல்லி அனுப்பிருப்பேன். வரவே வராது. எம் மூஞ்சியப் பாத்தா ஒம் மூஞ்சி ஞாபகம் வந்துரும் எல்லாருக்கும், அப்படிங்கும்."

அப்போது என் மனத்தில் முதலில் என்ன தோன்றியது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். வயிற்றைப் பற்றித்தான். அத்தனை ஆண்டுகளாக உள்ளே போன சோறு, குழம்பு, ரசம் எல்லாம் ஒருமுறை எழுந்து நின்று தங்களை அறிமுகம் செய்துகொள்ளுமோ என்று பார்த்தேன். வயிறு அசையவில்லை. அதற்கு மிஷன் பள்ளிப் படிப்பு கிடையாது.

பிறகுதான் புத்தி முறைக்குள் போயிற்று. போனதும் அதன் பூட்டு தெரிந்தது. அஞ்சலையை இறக்க வேண்டுமானால், வேலையிலிருக்கும் தம்பி வந்து நான் தம்பி என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். சொன்ன அந்தக் கணமே அவர் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லையென்றால் பக்க வாசலில் ஒருவரும் சாப்பிட மாட்டார்கள், வேலை போகும். வேலை போனால் பொறுப்பேற்கத் தகுதியில்லை. அவரும் அதே வண்டியில் ஏற வேண்டியவர். இவ்வளவு ஒழுங்காகப் பொருந்துகிற விதியை நான் என் வாழ்நாளில் வேறு எங்கும் கண்டதில்லை.

வேறு வழி ஒன்று இருந்தது. சிற்றுண்டிச்சாலையிலேயே முற்றம் கூட்டும் வேலைக்கு அவளை எடுத்தால், உறவு சொல்லாமலே இறக்கலாம். சிங்கப்பூருக்குப் போய் முதலாளியைக் கண்டேன். மனிதர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"ஊரெல்லாம் ஆளக் கொறைக்கிற நேரத்துல கூட்டறதுக்கு ஒரு ஆளா? நீங்க படிச்சவரு ஐயா, நீங்களே சொல்லுங்க" என்றார். திரும்பி வரும் வண்டியில் சுந்தரத்துக்குச் சொல்ல ஒரு வாக்கியத்தைத் தயாரித்துக்கொண்டே வந்தேன். நிலையத்தில் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பாடு எடுத்து வைக்கட்டுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

வண்டி வந்த நாள் மழையில்லாத, புழுக்கமான காலை. சுந்தரம் விடிய எழுந்து புளிச்சோறு கிளறிப் பொட்டலம் கட்டியிருந்தார். வழக்கமாக அவர் சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை. தண்ணீர் ஊற்ற வேறு ஆள் உண்டு. அன்று அந்த ஆளை விறகு பிளக்க அனுப்பிவிட்டு, வாளியையும் செம்பையும் தானே தூக்கிக்கொண்டு நடைமேடைக்கு வந்தார். திருநீறு புதிதாக இருந்தது. சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செம்பு வாளியில் இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது.

ஆட்கள் இறங்கித் தண்ணீருக்கு வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் சொந்த டின் கட்டியிருந்தது. கூட வந்த அதிகாரி இளம் வெள்ளைக்காரர். செடெனாக் ஆட்களில் ஒருத்திக்கு இங்கே உறவு இருக்கலாம் என்று அவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவர் அஞ்சலையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குள்ளமான, கறுத்த, ஒடிசலான பெண் முன்னே வந்தாள். சுந்தரத்தின் அதே நெற்றி, அதே தாடை. அவள் சொன்னது சரிதான். அந்த முகத்தைப் பார்த்தவனுக்கு மற்ற முகம் ஞாபகம் வந்தே தீரும். அவள் ஒருமுறை அவரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

அதிகாரி முன்ஷி என்ற மொழி ஆசிரியரிடம் கற்ற தமிழில் கேட்டார்: "உனக்கு இந்நாட்டின்கண் சுற்றத்தார் யாரேனும் உளரா?"

"என்னா சொல்றாரு தொர?" என்றாள் அவள் பக்கத்தில் நின்றவளிடம்.

நான் உதவிக்குப் போனேன். "இஞ்சை உமக்குச் சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ எண்டு கேக்கிறார்." யாழ்ப்பாணத்துத் தமிழும் அவளுக்கு அதே தூரத்தில்தான் இருந்தது. விழித்தாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் பக்கம் நின்றவர்களில் அவளுக்குப் புரியும்படி அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடியவர் ஒருவர்தான்.

"இங்க ஒனக்குச் சொந்தம்னு யாராச்சும் இருக்காங்களான்னு கேக்கறாரு" என்றார் சுந்தரம். தொடர்ந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அவள் முந்திக்கொண்டாள். இந்தமுறை அவரை நேராகப் பார்த்தாள். "இல்லீங்க சாமி. எனக்கு யாரும் இல்ல. தம்பின்னு ஒருத்தன் இருந்தான். காய்ச்சல்ல போய்ட்டான்."

நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி தலையசைத்து அடுத்த பெயருக்குப் போனார். ஊர் எது என்ற கேள்விக்கு அவள் ஏற்கெனவே ஏதோ ஓர் ஊரைச் சொல்லியிருந்தாள். தன் குடும்பத்தை இந்தியாவிலிருந்து கப்பலேற்றி வந்த கங்காணியின் ஊர் அது. குழந்தையாக வந்தவளுக்குத் தன் ஊரின் பெயர் தெரியாது.

பிறகு அவள் டின்னை அவிழ்த்தாள். ஜன்னல் இல்லாத இடத்தின் முறைப்படி அதைத் தரையில் வைத்து இரண்டடி பின்னால் போய், முந்தானையை இழுத்துப் போர்த்தி, முதுகை வளைத்து நின்றாள். "தண்ணி ஊத்துங்க சாமி" என்றாள். எல்லாவற்றையும் அவள் சரியாகவே செய்தாள். பிழை விட்டது சுந்தரம். குனிந்து அந்த டின்னைக் கையில் எடுத்தார். செம்பை விட்டுவிட்டு டின்னையே வாளிக்குள் முக்கி நிறைத்தார். இரண்டு கையாலும் அவள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார். யோசித்துச் செய்த வேலையாகத் தெரியவில்லை. கை அதன் பாட்டில் போயிற்று.

"கீழ வையிடா" என்று அவள் பல்லுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. "ஜாங்கான், ஜாங்கான்" என்று பாக் மாட் ஓடிவந்து சுந்தரத்தின் தோளைப் பிடித்து இழுத்தார். வேண்டாம், தொடாதே, நோய் ஒட்டிக்கொள்ளும் என்று அவரைக் காப்பாற்ற வந்தார் அந்த நல்ல மனிதர். அதற்குள் அவள் டின்னை வாங்கிவிட்டாள். வேறென்ன செய்வாள்? தண்ணீரைக் குடிக்காமல் சிந்தாமல் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். பச்சைக் கொடியோடு நின்ற ஸ்டேஷன் மாஸ்டர் கொடியை அசைக்கச் சற்று மறந்துபோனார்.

வண்டி போனபின் அம்பலவாணர் என்னிடம் வந்தார்.

"நான் பாத்தனான், காணும்."

"என்னத்தைப் பாத்தீர்? தாகத்துக்குத் தண்ணி குடுத்தவன்."

"எனக்குக் கதை விடாதையும். அது பழகின கை. அவள் முகத்தையும் பாத்தன், இவன்ரை முகத்தையும் பாத்தன்." "இவ்வளவு காலமும் என்ரை வாய்க்குள்ளை ஆற்றை கைச் சோறு போனது காணும்?"

"உம்மடை வாய்க்கு அது தெரியேல்லையே. நாளைக்கும் வேணும் எண்டுதானே கேட்டது" என்றேன். அவர் குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளிக்கத் தொடங்கினார். கொப்பளித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் பக்க வாசலில் ஒருவரும் இல்லை. வாரம் முடிவதற்குள் பாதை நெடுகச் செய்தி பரவி, முதலாளியிடமிருந்து ஆளை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. நிறுத்துவதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்பது முறை. சமையலில் குறையென்று சொல்ல முடியாது, சுத்தத்தில் குறையென்று சொல்ல முடியாது. காரணம் கேட்டுத் திருப்பி எழுதினேன். முதலாளி என் ஆங்கிலத்தைப் பாராட்டிவிட்டு அதே உத்தரவை மறுபடி அனுப்பினார். சுந்தரம் எனக்கு அந்தச் சிரமத்தையும் வைக்கவில்லை. வேலை இல்லாதவராகிவிட்டபடியால் இப்போது அவருக்கும் இலவசமாகப் போகும் தகுதி வந்துவிட்டது. அடுத்த வண்டிக்குத் தானே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

"ஆளை எங்கை எண்டு தேடுவீர்? அந்த ஊர் அவவின்ரை ஊரே இல்லையே" என்றேன்.

"தெரியும் ஐயா. கங்காணி ஊர்ல போய் நின்னு கேப்பேன். அங்கயும் கெணத்தடின்னு ஒண்ணு தனியா இருக்கும்ல? அங்க வந்துதானே ஆவணும்."

அவர் புறப்பட்ட நாள் நடைமேடையில் எல்லோரும் அவரைத் தெரியாதவர்போல் இருந்தார்கள். பாக் மாட் மட்டும் தூரத்தில் நின்று, கடைசியில் அந்த நோய் இவருக்கும் ஒட்டிவிட்டதே என்ற துக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொண்டுபோனேன். சுந்தரம் நெற்றியில் திருநீறு இல்லாமல் இளையவராகத் தெரிந்தார்.

"கண்ணாடி வேணாங்க ஐயா, ஒடஞ்சு கிடஞ்சு போவும். நான் டின்னே வச்சிருக்கேன்" என்று இடுப்பிலிருந்து அவிழ்த்தார். எங்கள் ஜன்னல் ஆணியில் தொங்கிய டின்களில் ஒன்று. அதைத் தரையில் வைக்கக் குனிந்தார். நான் கையிலேயே வாங்கி நிறைத்து, கையிலேயே கொடுத்தேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை. மணி அடித்துவிட்டது, முறை பார்க்க நேரமில்லை. அம்பலவாணர் அன்றும் கொடியோடு நின்றார். பார்த்ததை அவர் மறக்கிற மனிதர் அல்ல.

சைவச் சமையலுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. முதலாளி குத்தகையில் பக்க வாசலையும் பின்பக்கத்தையும் ஹைலாம் தீவிலிருந்து வந்த ஒரு சீனருக்கு மாற்றிக் கொடுத்தார். அவர் வந்த முதல் வேலையாகப் பின் ஜன்னலை இடித்து வாசலாக்கினார். ஆட்கள் சுற்றி வந்தால் நேரம் போகிறது என்றார். டின்களை எடைக்குப் போட்டார். ஆணிகளில் ஒன்றில் நாள்காட்டியும் இன்னொன்றில் ஒரு குருவிக் கூண்டும் மாட்டினார். எல்லோருக்கும் ஒரே பச்சைப் பூக் கோப்பை. கொஞ்ச நாளில் அம்பலவாணர் வந்து உட்கார்ந்தார், மற்ற கிளார்க்குமாரும் வந்தார்கள். பன்றிக் கொழுப்பில் வாட்டிய ரொட்டியைக் கோப்பியில் தோய்த்துத் தின்றார்கள். சுந்தரத்தின் கை பட்ட சாம்பார் அவர்கள் குலத்துக்குச் செய்த கேட்டை அந்தக் கொழுப்பு செய்யவில்லை. சீனரின் கை யாருடைய கணக்கிலும் ஒரு கை அல்ல போலும்.

எனக்கு ஓய்வு கிடைத்ததும் ஊருக்குப் போனேன். தங்கை வீட்டில்தான் தங்கினேன். அவளுக்கும் மற்றத் தங்கைக்கும் சீதனம் கொடுத்து முடித்தபோது எனக்குப் பெண் கேட்கிற வயது கடந்துவிட்டிருந்தது. ஆகவே அந்த வீடே என் வீடு என்று எண்ணியிருந்தேன். வாசலில் கால் வைத்ததும் தங்கை தண்ணீர் கொண்டுவந்தாள். குழல் வைத்த, வாய் படாமல் அண்ணாந்து குடிக்கும் நம் ஊர் மூக்குப்பேணி. பளபளவென்று புதுப் பித்தளை.

"அண்ணை, இது உங்களுக்கெண்டே புதுசா வாங்கினது" என்றாள்.

பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை காலம் உழைத்து அனுப்பியவனுக்கு வீடு செய்யும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். காலையும் மாலையும் அதே பேணி. வீட்டிலே மற்றவர்கள் பழைய செம்புகளைக் கலந்து குடிக்க, எனக்கு மட்டும் அது. கோப்பிக்கும் மோருக்கும் அதுதான், கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதையே கையோடு கொண்டுபோகச் சொன்னார்கள். என் இலை பந்தியின் கடைசியில் இருந்தது. வயதானவன் என்று காற்றோட்டமான இடம் கொடுத்தார்கள் என்று அதையும் நன்றியோடு ஏற்றேன். முறைகளையே பிழைப்பாக வைத்திருந்தவன் தனக்கு நடக்கும் முறையைக் கடைசியாகத்தான் அறிந்தான். ஒரு நாள் அதிகாலை முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். வேலியில் நட்ட கதியால் மரக் கம்பத்தில் ஓர் ஆணி. கழுத்தில் கயிறு கட்டி, அதில் என் பேணி தொங்கியது. அம்பலவாணர் எனக்கு முன்பே விடுமுறையில் வந்து போயிருக்கிறார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தங்கையிடம் கேட்டேன். அவள் அழுதாள். "சனம் கதைக்குது அண்ணை. என்ரை பொடிச்சிக்குக் கலியாணம் பேசுறம்" என்றாள். ஒரு தங்கை தன் வீட்டைக் காப்பாற்ற அண்ணனை விட வேண்டியிருந்தது. நான் கோபப்படவில்லை. இதைவிடக் கடினமாக ஓர் அக்காள் தம்பியைக் காப்பாற்றியதைப் பார்த்தவன் நான். அவள் தன் டின்னைத் தானே தரையில் வைத்துவிட்டுப் பின்னால் போனாள். அந்தக் கண்ணியத்தில் பாதியாவது எனக்கு வேண்டாமா? மலாயாவுக்கு அடுத்த கப்பலில் டிக்கெட் எடுத்தேன்.

சுந்தரம் அவளைக் கண்டுபிடித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு சேதியும் வரவில்லை. லாயாங் லாயாங்கில் யாரும் விசாரிப்பதும் இல்லை. நான் நாள்தோறும் இந்தச் சீனர் கடையில் உட்கார்ந்து எதில் வருகிறதோ அதில் குடிக்கிறேன். குடித்தபின் அது கொதிநீருக்குள் விழுந்து வேறு யாருக்கோ போய்விடுகிறது. இந்த ஊரில் எனக்கென்று ஒரு கோப்பையும் இல்லை. அந்த ஊரில் எனக்கென்று ஒன்று இருக்கிறது. இந்த மாதம் அங்கே மாரி மழை. ஆணியில் தொங்கும் பேணி நிறைந்து குழல் வழியாக வழிந்துகொண்டிருக்கும். அதைக் கவிழ்த்துவிட என் தங்கைக்கு மனம் வரும். ஆனால் அதை அவள் தொடக்கூடாது.